ஒருபக்கம் அகலமான கூர்: அடிபட்ட கத்தியைத் தீட்டுவது பற்றிக் கேள்வி பதில்

இரண்டு பக்கமும் சமமாக இல்லாத கூர் கொண்ட கத்திகள் பற்றி வந்த கேள்விகள் இவை. சில கத்திகளில் ஒருபக்கச் சரிவு அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கும். சிலவற்றில் ஒரே பக்கம்தான் சரிவு. பதிலில் வரும் சொற்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெட்டும் கோடு வாய். வாயை ஒட்டிக் கல் பட்டுப் பளபளக்கும் பட்டை சரிவு. தீட்டும்போது எதிர்ப்பக்கம் மடிந்து நிற்கும் மெல்லிய ஓரம் பிசிறு. வாய் உடைந்து விழும் சிறு பள்ளத்தைத்தான் பல் போனது என்கிறேன். பிடி உங்கள் பக்கம், நுனி எதிர்ப்பக்கம், வாய் கீழே என்று பிடித்துப் பார்த்துத்தான் வலது, இடது சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: என் கத்தி சமமான கூரா, ஒருபக்கம் அகலமான கூரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாங்கும்போது யாரும் சொல்லவில்லை.

ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு சரிவுகளையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒன்று 1.5 மி.மீ., மற்றது அரை மி.மீ. என்று கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தால் சமமற்ற கூர். பிறகு கத்தியின் அடிப்பக்கத்தை, அதாவது பிடியை ஒட்டி வாய் முடியும் இடத்தை, நேருக்கு நேர் பாருங்கள். அலகின் குறுக்குவெட்டு அங்கே அப்படியே தெரியும். வாய் அலகின் நடுவில் இருக்கிறதா, ஒரு முகத்தை ஒட்டிப் போகிறதா என்பதை உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் தெளிவாகவே பார்க்கலாம்.

சரிவு மட்டும் பார்த்தால் போதாது, அலகின் முகங்களையும் பாருங்கள். ஒரு ஸ்கேலை முதுகிலிருந்து வாய் வரை குறுக்காக வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், பல ஜப்பானிய சமையல் கத்திகளில் வலது முகம் லேசாக உப்பியும் இடது முகம் தட்டையாகவும் இருப்பது தெரியும். கத்தி எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பதில் வாய்க்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இதற்கும் உண்டு.

பழைய கத்தி என்றால் ஒரு எச்சரிக்கை. முன்பு தீட்டியவர் ஒரு கையால் அழுத்தியும் மறுகையால் தடவியும் தேய்த்திருந்தால், சமமான கூரே ஒருபக்கம் அகலமாகியிருக்கும். முகங்கள் இரண்டும் ஒரே மாதிரி இருந்து சரிவு மட்டும் கோணலாக இருந்தால், அது பெரும்பாலும் தயாரிப்பாளர் வைத்தது ஆகாது, கை செய்த வேலை.

கேள்வி: 70/30 என்கிறார்களே, அது கோணமா, அகலமா? ஒருவர் ஒன்று சொல்கிறார், இன்னொருவர் வேறு சொல்கிறார்.

இரண்டு பொருளிலும் புழங்குகிறது, அதனால்தான் குழப்பம். பெரும்பாலும் சரிவுகளின் அகலத்தைத்தான் குறிக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டால் விளங்கும்.

சரிவு தொடங்கும் இடத்தில் அலகின் தடிமன் 0.5 மி.மீ. என்று வையுங்கள். இருபக்கமும் 15 டிகிரி. வாய் நடுவில் இருந்தால் ஒவ்வொரு பக்கமும் 0.25 மி.மீ. தடிமனைச் சரித்து எடுக்க வேண்டும், சரிவு அகலம் கிட்டத்தட்ட 1 மி.மீ. வரும். அதே 15 டிகிரியில் வலதுபக்கம் 0.35, இடதுபக்கம் 0.15 என்று எடுத்தால் வலது சரிவு 1.35 மி.மீ., இடது 0.6 மி.மீ. ஆகிறது. கோணம் மாறவே இல்லை, வாய் மட்டும் இடது முகத்தை நோக்கி நகர்ந்திருக்கிறது. இதுவும் 70/30.

வலது 12, இடது 18 என்று கோணத்தையே மாற்றி வைப்பது இரண்டாவது வகை. அப்போது சரிவுகளின் அகலத்தைப் பார்த்து விகிதம் சொல்ல முடியாது.

என் கருத்து: பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைத் துரத்தாதீர்கள். அது 65 ஆ 75 ஆ என்பது வெட்டும்போது தெரியப்போவதில்லை. கத்தியில் இப்போது இருக்கும் இரண்டு கோணங்களைக் கண்டுபிடித்து அவற்றைப் பின்பற்றினால் போதும். சரிவு முழுவதும் மார்க்கர் பேனாவால் கறுப்படித்து, கல்லில் மெதுவாக ஒரு இழுப்பு இழுங்கள். வாயை ஒட்டி மட்டும் மை போனால் முதுகைத் தூக்கி வைத்திருக்கிறீர்கள். சரிவின் மேல் ஓரத்தில் மட்டும் போனால் தாழ்த்தி வைத்திருக்கிறீர்கள். முழு அகலத்திலும் போனால் அதுதான் கோணம். பக்கத்துக்குப் பக்கம் தனியாக இதைச் செய்யுங்கள்.

கோணத்தை அளக்க முதுகின் உயரம் போதும். 45 மி.மீ. அகலமுள்ள அலகுக்கு, முதுகின் நடுப்பகுதி கல்லிலிருந்து 8 மி.மீ. உயரத்தில் இருந்தால் 10 டிகிரி, 9.5 என்றால் 12, 11.5 என்றால் 15, 15.5 என்றால் 20. வேறு அகலம் என்றால் அதே விகிதத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தினமும் கடுமையாக அடிபடும் கத்தி. வாயில் நாலைந்து இடத்தில் பல் போயிருக்கிறது, பெரியது 1 மி.மீ. இருக்கும். கூர் 70/30, வலது அகலம். எந்த வரிசையில் வேலை செய்வது?

முதலில் கழுவி எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, வாய் வழியாகக் கண்ணை ஓட்டிப் பாருங்கள். பல் போனது வேறு, வாய் மடங்கியது வேறு. மடங்கிய இடம் மட்டும் என்றால் வழவழப்பான தீட்டுக்கம்பியில் லேசாக நிமிர்த்திவிட்டுத் தொடங்கலாம். மடிப்பில் விரிசல் தெரிந்தால் அதையும் பல் கணக்கில் சேருங்கள்.

அடுத்து ஒரு முடிவு. எல்லாப் பல்லும் அரை மி.மீ., ஒன்று மட்டும் 1 மி.மீ.யைத் தாண்டுகிறது என்றால் அந்த ஒன்றுக்காக முழு அலகையும் தேய்க்க வேண்டாம். அதன் அடி கொஞ்சம் மிச்சமிருக்கட்டும். அடுத்த சில தீட்டல்களில் தானாகப் போய்விடும், கத்திக்கும் ஆயுசு மிச்சம். உங்கள் கத்தியில் 1 மி.மீ. என்பதால் முழுதாகவே எடுக்கலாம்.

220 முதல் 400 கிரிட் (கல்லின் நுண்மை எண், எண் கூடினால் கல் நுண்மை) கல்லில் கத்தியைக் கிட்டத்தட்ட செங்குத்தாக நிறுத்தி, முதுகு முன்னால் போகும்படி லேசாக இழுங்கள். அடிப்பக்கத்திலிருந்து நுனி வரை, வாயின் வளைவு கெடாமல், பல்லெல்லாம் மறையும்வரை. வேலை முடிந்ததும் வாயை மேலே திருப்பி விளக்கின் கீழ் பாருங்கள். நூல்போல ஒரு வெள்ளைக்கோடு மின்னும். அதுதான் மொட்டையான வாயின் தட்டைப் பரப்பு. சமமற்ற கூரைத் தீட்டுபவருக்கு அந்த வெள்ளைக்கோடுதான் அளவுகோல்.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். அகலமான வலதுபக்கத்தை மட்டும் பிசிறு வரும்வரை தேய்த்துக்கொண்டே போவார்கள். அப்போது தட்டைப் பரப்பு முழுவதும் வலதுபக்கமாகவே கரைந்து, வாய் இடது முகத்தின் விளிம்புக்குப் போய்விடும். 70/30 ஆக இருந்தது 95/5 ஆகிவிட்டது. பிறகு இடதுபக்கம் எத்தனை இழுப்பு இழுத்தாலும் விகிதம் பழையபடி வராது, அதற்காக மறுபடி உலோகத்தைச் செலவழிக்க வேண்டும்.

ஆகவே வலதுபக்கத்தை அதன் கோணத்தில் தேய்த்து, வெள்ளைக்கோடு மூன்றில் இரண்டு பங்கு குறுகியதும் நிறுத்துங்கள். பிசிறு வந்திருக்காது, வரவும் கூடாது. கத்தியைத் திருப்பி இடதுபக்கத்தை அதன் கோணத்தில் தேய்த்து மிச்சக் கோட்டை மறையவைக்கவும். கோடு முழு நீளத்திலும் மறையும்போது வலதுபக்கம் மெல்லிய பிசிறு தட்டுப்படும். பிறகு வலதுபக்கம் சில இழுப்பு, பிசிறு இடதுபக்கம் மாறும். இருபக்கமும் ஒருமுறை பிசிறு அடிமுதல் நுனிவரை வந்தால்தான் இந்தக் கல்லின் வேலை முடிந்தது.

அழுத்தம் பற்றிச் சொல்ல வேண்டும். சொரசொரப்பான கல்லில் இடதுகை விரல்களால் 2 முதல் 3 கிலோ அழுத்தம் சரி. சமையலறைத் தராசில் கல்லை வைத்து அழுத்திப் பார்த்தால் அந்தக் கனம் கைக்குப் பிடிபடும். பிசிறு வந்தபின் பாதியாகக் குறையுங்கள். கடைசி சில இழுப்புகளுக்குக் கத்தியின் சொந்த எடையே போதும்.

பிறகு 1000 கிரிட். சொரசொரக் கல்லின் கீறல்கள் போகும்வரை இதில் நில்லுங்கள். இங்கே விகிதத்தைக் காப்பாற்ற வலது 7 இழுப்புக்கு இடது 3 என்று எண்ணிக்கொண்டால் ஏறக்குறைய சரியாக வரும். சொரசொரக் கல்லில் எண்ணிக்கையை நம்பாதீர்கள், அங்கே கண்தான் நம்பகம். 3000க்குப் போவதும் போகாததும் எஃகைப் பொறுத்தது.

கேள்வி: எந்தெந்தக் கல் வாங்க வேண்டும்? ஆளாளுக்கு ஐந்தாறு சொல்கிறார்கள்.

அடிபடும் கத்திக்கு 300 அல்லது 400 ஒன்று, 1000 ஒன்று. இந்த இரண்டு இல்லாமல் நடக்காது. மூன்றாவதாக 3000 அல்லது 4000. கடினத்தன்மை 54 முதல் 58 ராக்வெல் வரை உள்ள மென்மையான ஸ்டெயின்லெஸ் கத்திகள் 1000க்கு மேல் கிடைக்கும் நுண்மையைத் தாங்கி நிற்பதில்லை. தக்காளித் தோலில் வழுக்காமல் இறங்க அந்தக் கொஞ்சம் சொரசொரப்பே நல்லது. 60க்கு மேல் உள்ள கார்பன் எஃகு 3000, 4000க்குப் பலன் காட்டும். வனேடியம் நிறைய உள்ள தேயாத எஃகுகளுக்குச் சாதாரணக் கல் வெறுமனே வழுக்கும், வைரத் தட்டு வையுங்கள்.

கல் எண்ணையும் மணற்தாள் எண்ணையும் ஒன்றாக நினைக்காதீர்கள். பி-1000 மணற்தாளின் துகள் சுமார் 18 மைக்ரான், ஜப்பானிய அளவுமுறையின் 1000 கல் அதைவிட நுண்மை.

சில நீர்க்கற்களைத் தீட்டுமுன் 10, 15 நிமிடம் ஊறவைக்க வேண்டும். சிலவற்றுக்கு மேலே தண்ணீர் தெளித்தாலே போதும். இரண்டாம் வகையை, முக்கியமாக மெக்னீசியா பிணைப்பில் செய்ததை, நீண்ட நேரம் ஊறப்போட்டால் மென்மையாகி விரிசல் விடும். வாங்கும்போதே எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கல் குழிந்தால் கோணம் நிற்காது. பென்சிலால் கட்டம் போட்டு வைரத் தட்டில் தேய்த்துப் பாருங்கள். நடுவில் பென்சில் கோடு மிஞ்சுகிற இடம் குழி. கோடு முழுவதும் அழியும்வரை தேயுங்கள். வைரத் தட்டு இல்லையென்றால் தடித்த கண்ணாடி மேல் நீர் மணற்தாள்.

கேள்வி: அகலமான பக்கம் தேய்த்தால் பிசிறு வருகிறது. ஆனால் அது போகவே மாட்டேன் என்கிறது. இந்தப் பக்கம் தேய்த்தால் அந்தப் பக்கம் புரள்கிறது, அந்தப் பக்கம் தேய்த்தால் இந்தப் பக்கம். முதல் நாள் நன்றாக வெட்டுகிறது, மறுநாள் மொக்கை.

மறுநாளே மொக்கையாவது காரணத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். வாய் என்று நீங்கள் நினைத்தது வாயே இல்லை, நிமிர்ந்து நின்ற பிசிறு. முதல் நாள் வெட்டியது அதுதான். பலகையில் பட்டதும் உடைந்தோ மடங்கியோ போய்விட்டது.

சமமற்ற கூரில் இது அதிகம் நடப்பதற்குக் காரணம் உண்டு. அகலமான பக்கத்தில் நிறையத் தேய்ப்பதால் பிசிறு பெரிதாகவும் வேர் தடிப்பாகவும் வளர்கிறது. குறுகலான பக்கத்தில் நாம் கோணத்தைக் கவனிப்பதில்லை. அங்கே 18 டிகிரி இருக்கும் இடத்தில் நீங்கள் 12ல் வைத்துத் தேய்த்தால் கல் வாயைத் தொடவே தொடாது, சரிவின் மேல் ஓரத்தைத்தான் தேய்க்கும். பிசிறு பத்திரமாக நிற்கும்.

மார்க்கரைக் குறுகலான பக்கத்தில் போடுங்கள், கோணம் சரிதானா என்று பாருங்கள். அதன்பின் வாய் முன்னால் போகும்படி, கல்லிலிருந்து மெல்லிய சீவல் எடுப்பதுபோல், லேசாகத் தள்ளுங்கள். முதுகு முன்னால் போகும் இழுப்பு பிசிறை நீட்டிவிடும். பிசிறு இருக்கும் பக்கம் 3, எதிர்ப்பக்கம் 1. பிறகு 2க்கு 1. பிறகு 1க்கு 1. ஒவ்வொரு சுற்றுக்கும் அழுத்தம் குறைய வேண்டும்.

அப்படியும் அடம்பிடித்தால், கடைசிக் கல்லில் ஒவ்வொரு பக்கமும் இரண்டே இரண்டு இழுப்பு, கோணத்தை 5 டிகிரி கூட்டி, கத்தியின் எடை மட்டும் படும்படி. வேரோடு அறுந்துவிடும். பின் பழைய கோணத்தில் நாலைந்து லேசான இழுப்பு. கடைசியில் மென்மையான மரத்தின் ஓரத்திலோ கார்க்கிலோ வாயை ஒருமுறை, அழுத்தாமல், அறுப்பதுபோல் இழுத்தால் தொங்கிக்கொண்டிருக்கும் துணுக்குகள் வந்துவிடும்.

பிசிறு இருக்கிறதா என்று அறிய விரலை வாயின் நீளவாக்கில் ஓட்டாதீர்கள். முதுகிலிருந்து வாயை நோக்கி, வாயைத் தாண்டி வெளியே போகும்படி மட்டும் தடவுங்கள். டார்ச் வெளிச்சத்தை வாய்க்கு நேராக அடித்தால் பிசிறு இருக்கும் இடத்தில் மினுக்கும்.

கேள்வி: ஒரேபக்கச் சரிவுள்ள ஜப்பானியக் கத்தி வைத்திருக்கிறேன். பின்பக்கம் லேசாகக் குழிவாக இருக்கிறது. அந்தப் பக்கத்தை என்ன செய்வது?

யானாகிபா, தேபா, உசுபா வகைகள் மூன்றுமே இப்படித்தான். பின்பக்கத்தின் அந்தக் குழி உராசுகி. அதைச் சுற்றி, வாயை ஒட்டியும் முதுகை ஒட்டியும், ஒரு மெல்லிய தட்டைப் பட்டை மட்டும் கல்லைத் தொடும். இதனால்தான் பின்பக்கத்தைத் தட்டையாக வைத்தால் பிசிறு சுத்தமாகப் போகிறது, வெட்டும் பொருளும் அதில் ஒட்டிக்கொள்வதில்லை.

இங்கே சட்டம் எளிது. பின்பக்கம் எப்போதும் முழுத் தட்டையாக, துளிகூட முதுகைத் தூக்காமல், நுண்மையான கல்லில் மட்டும், அதுவும் பிசிறு எடுக்கும் அளவுக்கு நாலைந்து இழுப்பு. கல் அப்போதுதான் சமப்படுத்தியதாக இருக்க வேண்டும். குழிந்த கல்லில் வைத்தால் விளிம்பு உருண்டுவிடும். சொரசொரக் கல்லைப் பின்பக்கத்தில் காட்டவே கூடாது. வாயை ஒட்டிய பட்டை ஒவ்வொரு தீட்டலிலும் கொஞ்சம் அகலமாகும். அது 1, 2 மி.மீ.க்குள் இருக்கும்வரை நல்லது. 5, 6 மி.மீ. ஆகிவிட்டால் குழி மறையத் தொடங்குகிறது என்று பொருள். குழியைத் திரும்பக் கொண்டுவரப் பெரிய வட்டச் சாணை வேண்டும், வீட்டில் நடக்காது.

முன்பக்கத்தில் வாயிலிருந்து மேலே ஒரு கோடு வரை செல்லும் அகலச் சரிவு முழுவதும் கல்லில் படும்படி வைக்க வேண்டும். அந்தக் கோட்டின் பெயர் ஷினோகி. வாயை மட்டும் தேய்த்தால் ஓரிரு தீட்டலுக்கு வேகமாகக் கூர் வரும், பிறகு வாயருகே தடித்துக்கொண்டே போகும். பெரும்பாலும் முன்பக்கம் மென்மையான இரும்பும் பின்பக்கம் கடினமான எஃகும் ஒட்டிச் செய்தவை. கல்லில் மென்மையான பகுதி மங்கலாகவும் எஃகு பளிச்சென்றும் தெரியும். அந்த எல்லைக்கோடு ஓரிடத்தில் அலைந்தால் அங்கே அழுத்தம் கூடியிருக்கிறது.

பல் போயிருந்தால் முழுவதும் முன்பக்கத்திலிருந்தே எடுக்க வேண்டும். மேலே சொன்ன வெள்ளைக்கோடு இங்கே பின்முகத்தை நோக்கியே குறுகி மறையும்.

கேள்வி: நான் இடதுகைப் பழக்கக்காரன். வலதுகைக் கத்தியை மாற்ற முடியுமா?

70/30ஐ மாற்றலாம். ஒரே நாளில் வேண்டாம். ஒவ்வொரு தீட்டலிலும் இடதுபக்கத்துக்கு அதிக இழுப்பு கொடுத்துக்கொண்டே வந்தால் முதலில் 50/50, பிறகு 40/60 என்று நகரும். முகத்தின் உப்பல் வலதுபக்கமே இருக்கும் என்பதால் முழுப் பலன் வராது. பெரும்பாலான இடதுகைக்காரர்களுக்கு 50/50லேயே தொல்லை தீர்ந்துவிடும்.

ஒரேபக்கச் சரிவுக் கத்தியை மாற்ற முடியாது. விற்றுவிட்டு இடதுகைக்கென்றே செய்ததை வாங்குங்கள்.

கேள்வி: முட்டைக்கோஸ், பூசணி போன்ற பெரியவற்றை வெட்டும்போது கத்தி நேராக இறங்காமல் இடதுபக்கம் ஒதுங்குகிறது. கை சரியில்லையா, கூர் சரியில்லையா?

வலது அகலமான கத்தி இடதுபக்கம் ஒதுங்குவது இயல்பு. அகலச் சரிவின்மேல் பொருள் அதிகமாக அழுத்தி, அலகை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. மெல்லிய துண்டு போடும்போது இது தெரியாது, துண்டு வலதுபக்கம் வளைந்து வழிவிட்டுவிடும். இருபக்கமும் கனமான பொருளில்தான் தெரியும்.

முன்பு நேராகப் போய் இப்போது ஒதுங்குகிறது என்றால் தீட்டலில் விகிதம் நகர்ந்திருக்கிறது. குறுகலான இடதுபக்கத்தில் அதன் கோணத்தில் 10 இழுப்பு, பிசிறு நீக்கல், ஒரு வெட்டு. ஒதுங்கல் குறைந்தால் இன்னும் 10. இப்படி வெட்டிப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும், முன்கூட்டியே எண்ணிக்கை சொல்ல முடியாது. நிறைய இழுத்தும் மாறவில்லை என்றால் காரணம் முகத்தின் வடிவம், அல்லது அலகே வளைந்திருக்கிறது. முதுகு வழியாகப் பார்த்தால் வளைவு தெரியும்.

கேள்வி: வி வடிவப் பிளவில் கத்தியை இழுத்துத் தீட்டும் கைக்கருவி ஒன்று இருக்கிறது. அவசரத்துக்குப் பயன்படுத்தலாமா?

கூடாது. அதன் பிளவு இருபக்கமும் சமமான கோணத்தில் அமைந்தது. உங்கள் கத்தியின் வாயைச் சுரண்டி நடுவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். கடின எஃகு என்றால் சின்னச் சின்னப் பல்லாக உடைக்கும். ஒரேபக்கச் சரிவுக் கத்தியைப் போட்டால் பின்பக்க விளிம்பில் ஒரு சரிவு விழுந்துவிடும். அதை எடுக்க வாய் முழுவதையும் பின்னுக்குத் தள்ள வேண்டியிருக்கும்.

கேள்வி: தீட்டுக்கம்பி?

கம்பி பல் போனதைச் சரிசெய்யாது. வேலைக்கு நடுவே வாயை நிமிர்த்தும், அவ்வளவே. 58க்குக் கீழ் உள்ள எஃகுக்கு வழவழப்பான அல்லது நுண்வரி எஃகுக் கம்பி. 60க்கு மேல் உள்ளதற்கு நுண்மையான செராமிக் கம்பி. வரி ஆழமான எஃகுக் கம்பி அதன் வாயைப் பெயர்த்துவிடும். அந்தந்தப் பக்கத்தின் கோணத்தில், லேசாக, அகலமான பக்கம் 3, குறுகலான பக்கம் 1. ஒரேபக்கச் சரிவுக் கத்திக்குக் கம்பி வேண்டவே வேண்டாம், நுண்கல்லில் இரண்டு மூன்று இழுப்பு போதும்.

கேள்வி: காகிதத்தை வெண்ணெயாக அறுக்கிறது. ஆனால் கேரட்டில் இறங்கும்போது பாதியில் மாட்டிக்கொண்டு, படார் என்று பிளக்கிறது. கூர் போதவில்லையா?

கூர் இருக்கிறது, தடிமன் கூடிவிட்டது. காகிதத்துக்குத் தடிமன் தெரியாது, கேரட்டுக்குத் தெரியும். நிறையத் தீட்டிய கத்திகளில் இதைத்தான் அதிகம் பார்க்கலாம்.

அலகு வாயிலிருந்து முதுகை நோக்கித் தடித்துக்கொண்டே போகிறது. இரு முகங்களும் சேர்ந்து 4 டிகிரி விரிகின்றன என்று வைத்தால், 1 மி.மீ. தேய்ந்தால் வாயருகே தடிமன் 0.07 மி.மீ. கூடும். பல் எடுத்தும் தீட்டியும் 3 மி.மீ. போய்விட்டால் 0.2 மி.மீ. கூடுதல். 0.3 ஆக இருந்தது 0.5. சரிவும் அகலமாகிக்கொண்டே போவதுதான் கண்ணுக்குத் தெரியும் அறிகுறி.

தீர்வு, சரிவுக்கு மேலே முகத்தையே மெலியவைப்பது. 220 முதல் 400 கிரிட் கல்லில் முதுகை 3 முதல் 5 டிகிரி மட்டும் தூக்கி, 45 மி.மீ. அலகு என்றால் முதுகின் நடுப்பகுதி 2.5 முதல் 4 மி.மீ. உயரத்தில் வைத்து, சரிவின் மேல் ஓரத்தில் உள்ள தோளைத் தேயுங்கள். எந்தப் பக்கம்? வலது முகம் உப்பலாகவும் இடது தட்டையாகவும் உள்ள கத்தியில் பெரும்பகுதியை வலதுபக்கமே எடுங்கள். இடது முகத்தைத் தொட்டால் தட்டைத்தன்மை கெட்டு வெட்டு ஒதுங்கத் தொடங்கும். பழைய சரிவு பாதி அகலத்துக்குக் குறுகும்போது நிறுத்திவிட்டு வழக்கம்போல் தீட்டுங்கள். அழகு கெடும், கீறல் தெரியும். அது பிடிக்கவில்லையென்றால் 600, 1000, 2000 நீர் மணற்தாள் ஒரே திசையில்.

கடுமையான வேலைக்கென்றே இருக்கும் கத்தியை ரொம்ப மெலியவைக்காதீர்கள். எலும்பைத் தொடும் கத்திக்கு 0.5 மி.மீ. இருக்கட்டும்.

கேள்வி: நன்றாகத் தீட்டி ஒரு வாரத்துக்குள் மறுபடி பல் போகிறது.

பயன்பாட்டை முதலில் பாருங்கள். கண்ணாடி, கிரானைட், பீங்கான் மேல் வெட்டுவது; உறைந்த பொருள்; வெட்டியதை வாயாலேயே பக்கவாட்டில் தள்ளி வாரி எடுப்பது; கத்தியைப் பொருளுக்குள் திருகுவது. கடினமான எஃகு அழுத்தத்தைத் தாங்கும், பக்கவாட்டுத் திருகலைத் தாங்காது.

இதில் எதுவும் இல்லையென்றால் கோணம் குறைவு. முழுச் சரிவையும் மாற்றத் தேவையில்லை, ஒரு நுண்சரிவு வையுங்கள். கடைசிக் கல்லில் அகலமான பக்கத்தில் மட்டும் 20 முதல் 22 டிகிரியில் 4, 5 லேசான இழுப்பு. கண்ணுக்குத் தெரியாத அளவு ஒரு பட்டை விழும். எதிர்ப்பக்கம் பழைய கோணத்திலேயே ஒன்றிரண்டு இழுத்துப் பிசிறு எடுங்கள். அப்படியும் போனால் 25. ஒரேபக்கச் சரிவுள்ள தேபாவுக்கும் அடிப்பக்க மூன்றில் ஒரு பங்கில் இப்படி வைப்பதுண்டு, எலும்பு வெட்டுவது அந்தப் பகுதிதான்.

சாணையில் சூடு வாங்கிய கத்தி என்றால் கோணம் எதுவும் உதவாது. அடுத்த பதிலைப் பாருங்கள்.

கேள்வி: பெரிய பல்லை எடுக்க மின்சாரச் சாணையில் பிடிக்கலாமா சார்? கையால் தேய்த்து மாளவில்லை.

பிடிக்கலாம், பதம் போகாமல் பிடிக்கத் தெரிந்தால். கடினமான கார்பன் எஃகுக் கத்திகளைப் பெரும்பாலும் 150 முதல் 200 டிகிரி செல்சியஸில்தான் பதப்படுத்தியிருப்பார்கள். அதைத் தாண்டினால் கடினம் இறங்கத் தொடங்கும். வாயில் வைக்கோல் நிறம் வந்தால் 220ஐத் தொட்டாயிற்று, நீலம் என்றால் 300 பக்கம். கை சூட்டை உணர்வதற்குள் நூல் தடிமனுள்ள வாய் அந்த வெப்பத்தை எட்டிவிடும், அதனால் கையை நம்ப முடியாது.

வாய் மொட்டையாக இருக்கும்போது மட்டும், அதாவது பல்லைச் சமப்படுத்தும் கட்டத்தில் மட்டும், சாணையைப் பயன்படுத்துங்கள். ஒரு இழுப்பு, தண்ணீரில் ஒரு முக்கு. வாயில் தண்ணீர்த்துளி ஆவியாகத் தொடங்கினாலே நிறுத்துங்கள். சரிவு வைப்பதும் கூர் எடுப்பதும் கல்லில்தான். கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் சாணைமுன் நிற்காதீர்கள். நீலம் பிடித்த இடத்தை மெருகேற்றினால் நிறம்தான் போகும், பதம் திரும்பாது. அந்த அளவு உலோகத்தை மெதுவாகத் தேய்த்து எடுக்க வேண்டும்.

கேள்வி: கோணம் தவறாமல் இருக்கக் கவ்வி வைத்த தீட்டுக்கருவி வாங்கினேன். இரண்டு பக்கமும் ஒரே கோணம் வைத்தும் சரிவு ஒரே மாதிரி வரவில்லை.

கவ்வி அலகின் இரு முகங்களையும் பற்றி நடுவில் நிறுத்துகிறது. ஒரு முகம் உப்பல், ஒன்று தட்டை என்றால் அலகு லேசாகச் சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்வு ஒருபக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் கோணத்தில் வந்துவிடும். கருவியின் அளவுகோலை விட்டுவிட்டு, டிஜிட்டல் கோணமானியை முதலில் அலகின் முகத்தில் வைத்துப் பூஜ்யம் செய்து, பிறகு கல்லில் வைத்து அளங்கள். இருபக்கமும் தனித்தனியாக. நீண்ட கத்தியில் கவ்வியிலிருந்து தள்ளிப் போகப்போகக் கோணம் குறையும் என்பதால் நுனியில் மார்க்கர் போட்டுச் சரிபார்க்கவும். மறுமுறை கவ்வும்போது அதே இடத்தில் கவ்வ, அலகில் ஒட்டுநாடாவால் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரொட்டிக் கத்தியும் ஒருபக்கம்தான் சரிவு. அதற்கும் இதே முறையா?

பல்லுள்ள கத்திக்குக் கல் வேண்டாம். பல்லின் குழிக்குள் பொருந்தும் கூம்பு வடிவ வைரக் கம்பியை, சரிவு உள்ள பக்கம் மட்டும், ஒவ்வொரு குழிக்கும் நாலைந்து முறை. பிறகு தட்டையான பக்கத்தை நுண்கல்லில் படுக்கவைத்து ஒன்றிரண்டு இழுப்பு, பிசிறு போக. தட்டைப்பக்கம் அதிகம் தேய்த்தால் பல் குட்டையாகிவிடும்.

கேள்வி: அடிப்பக்கத்தில் வாய் உள்வாங்கி, பலகையில் வைத்தால் அங்கே மட்டும் வெளிச்சம் தெரிகிறது. வெங்காயம் அறுந்தும் அறாமலும் தொங்குகிறது.

அடிப்பக்கம் கல்லின் ஓரத்திலேயே திரும்பத் திரும்ப நின்றதால் வந்தது. அகலமான பக்கம் தீட்டும்போது விரல்கள் அடிப்பக்கத்தில் அதிக நேரம் தங்குவது வழக்கம். சரிசெய்ய, வாயைக் கல்லில் செங்குத்தாக வைத்து அடிப்பக்கத்துக்கு முன்னால் உள்ள மேடான பகுதியை மட்டும் தேயுங்கள், பள்ளத்தைத் தொடாதீர்கள். பலகையில் வைத்து வெளிச்சம் மறைகிறதா என்று அடிக்கடி பாருங்கள். பிடிக்கு முன்னால் தடித்த உலோகக் கழுத்து வாய்வரை இறங்கும் கத்தி என்றால் அந்தக் கழுத்துதான் வாயைப் பலகையிலிருந்து தூக்கிவைக்கிறது. அதையும் ஒன்றிரண்டு மி.மீ. தேய்த்து உயர்த்தாமல் தீராது. பிறகு வெள்ளைக்கோடு முறையில் இரு சரிவுகளும் புதிதாக. அடுத்த முறையிலிருந்து அழுத்தும் விரல்களைக் கல்லுக்கு நேர் மேலே மட்டும் வைத்து, அடி, நடு, நுனி மூன்றுக்கும் ஒரே எண்ணிக்கை கொடுங்கள்.